அய்யனார்னு அடிச்சுப் பாருங்க!

"புள்ளிதான் வருதுப்பா."

"தமிழ்ப் புள்ளியா, பாஸ்வேர்டு புள்ளியா பெரியப்பா?"

"புள்ளியில என்னடா ரெண்டு தினுசு? நான் அடிக்க அடிக்கக் கறுப்பா விழுது. எண்டர் தட்டினா தப்புங்குது. அஞ்சு தடவை ஆச்சு."

இந்த டயலாக் நடந்த இடம் அய்யனார் கோவில். ராஜபாளையத்திலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு எல்லாம் தாண்டி, ஊருக்குக் குடிதண்ணி கொடுக்கிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் பார்த்துட்டுப் போனா, மலையடிவாரத்துல ஆற்றங்கரையில நீர்காத்த அய்யனார் உட்கார்ந்திருப்பார். இந்த மலைப்பக்கமெல்லாம் 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். நாங்க எட்டுப் பேர் போனது புலி பார்க்க இல்லை, தண்ணியில விழ. அங்கே செல்போன் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். ஒரு பாறை மேல ஒத்தைக் கால்ல நின்னா ரெண்டு கட்டை வரும். ஈரத் துண்டோட அந்தப் பாறையில நின்னுதான் பெரியப்பாவோட பேசினேன். கீழே இருந்து "மாப்ள, யாருடா அது? ஆளா?"னு ஒரே சத்தம்.

ஆள்தான். ஆனா நீங்க நினைக்கிற ஆள் இல்லை.

பெரியப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் சின்னதா ஒரு கடை. எங்க மாவட்டத்துத் தலைநகரம் விருதுநகரா இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் இருக்கு. அதனால மனு, அஃபிடவிட், ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ்னு அந்தத் தெருவுக்கே பிழைப்பு ஓடும். பெரியப்பா தமிழ் தட்டச்சு ஹையர் பாஸ். கண்ணை மூடிக்கிட்டு அடிப்பார். அடிச்சுக்கிட்டே அடுத்த ஆளுக்கு டீ சொல்லுவார்.

மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள். முதியோர் பென்ஷன் திடீர்னு நின்னு போன ஒரு பாட்டிக்கு மனு அடிச்சு வைக்கிறதா பெரியப்பா சொல்லியிருந்தார். பாட்டி காலையில முதல் பஸ்ஸுக்கு விருதுநகர் போறதா ஏற்பாடு. ஏற்கனவே ரெண்டு மனு கொடுத்தாச்சு. அந்த மனுக்களோட தேதி, கார்டு நம்பர், பேங்க் விவரம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. "கையால எழுதிக் கொடுத்தா என்ன?"னு நானும் கேட்டேன். "எழுதிடுவேன். உள்ளே இருக்கிற நம்பரை யாரு, நீயா வந்து சொல்லுவ?"ன்னார். நியாயமான கேள்வி.

இதுல என்ன விசேஷம்னா, அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டினது நான்தான்.

நடந்தது இது. பெரியப்பா கடையில இருந்தது பழைய மெஷின். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவச சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. அந்த மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாது. வீட்டுல ஒருத்தன் இன்ஜினீயரிங் படிச்சா அவன்தானே எல்லாத்துக்கும் மெக்கானிக்? மிக்ஸி ரிப்பேர்னாலும் நான்தான், சிலிண்டர் புக்கிங்னாலும் நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து லினக்ஸ் போட்டேன், க்னோம் டெஸ்க்டாப்போட. செட்டிங்ஸ்ல கீபோர்டுக்குப் போய் 'தமிழ்'னு லிஸ்ட்ல முதல்ல தெரிஞ்சதைச் சேர்த்தேன். பெரியப்பா அடிக்கடி மாத்திக்கிட்டு இருக்க வேண்டாமேன்னு இங்கிலீஷைத் தூக்கிட்டேன். அதோட விட்டேனா? மெஷின் முழுக்கத் தமிழ்தான் டிஃபால்ட்னு சிஸ்டம் செட்டிங்லயும் மாத்தி வெச்சேன். "நாளைக்கு உட்கார்ந்து பாருங்க பெரியப்பா, சும்மா ஜம்முனு இருக்கும்"னு சொல்லிட்டு டூருக்குக் கிளம்பியாச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவர் சுவிட்சைப் போட்டார். லாகின் ஸ்கிரீன் வந்துச்சு. பாஸ்வேர்டு இங்கிலீஷ் எழுத்து. கீபோர்டோ தமிழ் மட்டும். அவர் 'ஏ' விசையைத் தட்ட, உள்ளே போனது ஒரு தமிழ்த் துணையெழுத்து. பாஸ்வேர்டு கட்டத்துல எல்லாமே கறுப்புப் புள்ளியாத்தான் தெரியும், அதனால என்ன போச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணுக்கு மேல லேஅவுட் இருந்தா ஸ்கிரீன் ஓரத்துல எந்த மொழின்னு சின்னதா காட்டும், தட்டி மாத்திக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான் இருந்தா காட்ட என்ன இருக்கு? அதுவும் கிடையாது. கதவைச் சாத்தி, சாவியை உள்ளேயே வெச்சுட்டு வந்த கதை.

கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது

பாறையிலிருந்து இறங்கினதும் பசங்க கேட்டாங்க: "கீபோர்டுதானே மச்சி? புதுசு வாங்கி மாட்டச் சொல்லு." இதுதான் நம்ம ஊர் வைத்தியம். எங்க லேப்ல ஒரு தடவை மெயில் ஐடி அடிக்கும்போது 'அட்' குறிக்குப் பதிலா மேற்கோள் குறி விழுந்துச்சு. நம்ம பய ஒருத்தன் பக்கத்து மெஷின்லேர்ந்து கீபோர்டையே கழட்டி மாட்டினான். அதுலயும் மேற்கோள் குறிதான். காரணம் சிம்பிள். அமெரிக்க லேஅவுட் இருக்க வேண்டிய இடத்துல பிரிட்டிஷ் லேஅவுட் செட் ஆகியிருந்துச்சு. பிரிட்டிஷ் முறையில அந்த ரெண்டு குறியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

உண்மையில நம்ம கீபோர்டுக்கு 'அ'வும் தெரியாது, 'ஏ'வும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது எந்த இடத்துல விரல் பட்டுச்சுங்கிற நம்பர் மட்டும்தான். லினக்ஸுக்குள்ள 'ஏ'ன்னு அச்சடிச்ச விசைக்கு நம்பர் 30. 'க்யூ'வுக்கு 16. இந்த நம்பரை வாங்கி எழுத்தா மாத்துறது லேஅவுட். லினக்ஸ்ல அந்த வேலையைச் செய்யிற பகுதிக்கு எக்ஸ்கேபின்னு பேர். அதுக்கும் மேல இன்புட் மெத்தட்னு ஒருத்தர் உட்கார்ந்து, எழுத்தும் எழுத்தும் சேர்ந்தா என்ன ஆகணும்னு முடிவு பண்ணுவார். க்னோம்ல அவர் பேரு ஐபஸ். அப்புறம்தான் நீங்க டைப் பண்ற சாஃப்ட்வேர். கடைசியா ஃபான்ட்.

மலையில விழுற தண்ணி ஆத்துல வந்து, தேக்கத்துல நின்னு, குழாய்ல ஓடி, தெரு முக்குத் திருப்புக்கு வருது. வீட்டுல தண்ணி வரலைன்னா அய்யனார் கோவில் மலையையா திட்டுவோம்? முதல்ல திருப்பைப் பார்ப்போம், அப்புறம் குழாயைப் பார்ப்போம். கீபோர்டு பிரச்சனையிலயும் எந்த இடத்துல அடைப்புன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சது.

கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இருக்கு. நான் பைக்ல பின்னாடி உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள யோசிச்சது இல்லை, அன்னைக்கு ராத்திரி பெரியப்பாகிட்ட கத்துக்கிட்டது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல் பூட்டு

கடைக்குப் போய்ச் சேர்ந்தப்ப மணி நாலரை. பெரியப்பா ஒண்ணும் திட்டலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. பக்கத்துக் கடை அண்ணன்தான் "இன்ஜினீயர் வந்துட்டாருய்யா"ன்னார்.

என் பையில லினக்ஸ் போடப் பயன்படுத்தின பென்டிரைவ் இருந்துச்சு, அது ஒரு நல்ல காலம். அதை மாட்டி, மெஷினை அந்தப் பென்டிரைவ்லேர்ந்தே கிளப்பினேன். அப்படிக் கிளப்பினா உள்ளே இருக்கிற பாஸ்வேர்டைக் கேட்காது, கீபோர்டும் இங்கிலீஷ்லதான் இருக்கும். ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, 'ஈடிசி' ஃபோல்டருக்குள்ள 'டிஃபால்ட்'ங்கிற ஃபோல்டர், அதுக்குள்ள 'கீபோர்டு'ங்கிற ஃபைல். டெபியன், உபுண்டு குடும்பத்து லினக்ஸ் எல்லாத்துலயும் இதே இடம்தான். அதுல லேஅவுட்னு ஒரு வரி. இந்தியான்னு நான் போட்டு வெச்சிருந்த ரெண்டெழுத்தை எடுத்துட்டு அமெரிக்கான்னு ரெண்டெழுத்து போட்டேன். அட்மின் உரிமையோடதான் அந்த ஃபைலைச் சேவ் பண்ண முடியும், அதை மறந்து ஒரு தடவை வழிஞ்சேன். (டிஸ்க்கை முழுசா பூட்டி வெச்சிருந்தா இவ்வளவு சுலபம் கிடையாது, அது வேற கதை.) பென்டிரைவைக் கழட்டி ரீஸ்டார்ட். பாஸ்வேர்டு. எண்டர். உள்ளே போயாச்சு!

இப்ப யாராவது இதே மாதிரி தமிழ் சேர்க்கப் போறீங்கன்னா ரெண்டு விஷயம். இங்கிலீஷை லிஸ்ட்லேர்ந்து எடுக்கவே எடுக்காதீங்க. அதுதான் முதல் வரிசையில இருக்கணும். தமிழ் ரெண்டாவது. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டினா மாறிக்கும், மேல ஓரத்துல எந்த மொழின்னு தெரியும். ரெண்டாவது, லாகின் ஸ்கிரீனுக்குன்னு தனியா ஒரு செட்டிங் உண்டு. நீங்க உள்ளே உட்கார்ந்து மாத்துறது உங்க கணக்குக்கு மட்டும்தான். வாசலுக்கு மாத்துறது சிஸ்டம் செட்டிங். நான் வாசல்ல கை வெச்சதுதான் வினை.

இன்னொண்ணு. நெட்ல தேடினா 'செட் எக்ஸ்கேபி மேப்'னு ஒரு கமாண்டைத்தான் எல்லாரும் கொடுக்கச் சொல்லுவாங்க. பழைய எக்ஸ் முறையில அது வேலை செய்யும், ஆனா லாக் அவுட் ஆனதும் போயிடும். இப்ப நிறைய டெஸ்க்டாப் வேலாண்டுங்கிற புது முறைக்கு மாறியாச்சு. அதுல அந்தக் கமாண்டை அடிச்சா டெஸ்க்டாப் கண்டுக்கவே கண்டுக்காது. நாம பத்துத் தடவை அடிச்சுட்டு கீபோர்டைச் சந்தேகப்படுவோம். செட்டிங்ஸ் வழியா போறதுதான் மரியாதை.

ரெண்டாவது பூட்டு

உள்ளே போனதும் நான் காலரைத் தூக்கி விட்டேன். பெரியப்பா சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தமிழுக்கு மாத்திக் கொடுத்தேன். அவர் பேப்பர் தள்ளுற மாதிரி கையை ஒரு தடவை உதறிட்டு, இடது கையால வரிசையா அஞ்சு விசை தட்டினார்.

"என்னடா இது? யளனகப எங்கே?"

தமிழ் தட்டச்சு இன்ஸ்டிட்யூட் பக்கம் ஒதுங்கினவங்களுக்கு இது புரியும். அங்கே முதல் நாள் முதல் பாடமே யளனகபக. நடு வரிசையில இடது கை விழுற ஏ, எஸ், டி, எஃப், ஜி விசைகள்தான் ய, ள, ன, க, ப. பெரியப்பாவுக்கு அது விரல்லயே ஊறிப்போனது. ஸ்கிரீன்ல விழுந்ததோ ஓகாரக் கால், ஏகாரக் கொம்பு, புள்ளி, இகரக் கொக்கி, உகரம். எழுத்தே இல்லாம வெறும் ஒட்டு மட்டும் வட்டம் வட்டமா நின்னுச்சு.

இதுதான் நான் சொன்ன டெஸ்ட். எந்த மெஷின்ல உட்கார்ந்தாலும் அந்த அஞ்சு விசையைத் தட்டிப் பாருங்க. ய, ள, ன, க, ப வந்தா டைப்ரைட்டர் முறை. அ, இ, உ, புள்ளி, எ வந்தா தமிழ்99. பெரியப்பாவுக்கு வந்த மாதிரி வெறும் ஒட்டுக்குறிகள் வந்தா இன்ஸ்கிரிப்ட். 'அ'வில ஆரம்பிச்சு இங்கிலீஷ் ஒலிக்கு ஏத்த எழுத்தா வந்தா ஃபோனெடிக். நாலுக்கும் பேரு 'தமிழ்'தான். லிஸ்ட்ல முதல்ல தெரிஞ்ச 'தமிழ்'ஐ நான் எடுத்தேனே, அது இன்ஸ்கிரிப்ட். இந்தியில க எந்த விசையில இருக்கோ, தெலுங்குல, தமிழ்ல எல்லாத்துலயும் அதே விசையில க. எல்லா இந்திய மொழிக்கும் பொதுவா போட்ட வரிசை. நல்ல யோசனைதான். ஆனா எங்க பெரியப்பா இந்தியில மனு அடிக்கிறதில்லையே!

ஒரே மொழிக்கு ஏன் இத்தனை? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துல, வேற வேற ஆளுக்காக வந்தது. டைப்ரைட்டர் வரிசைக்கு வழி போட்டவர்னு சொல்லப்படுற ஆர்.முத்தையா யாழ்ப்பாணம் சுண்டிக்குளிக்காரர், 1886இல் பிறந்தவர். மலாயா, சிங்கப்பூர்னு பிழைக்கப் போன இடத்துல தமிழுக்கு ஒரு தட்டச்சு வேணும்னு உட்கார்ந்து வடிவமைச்சார். ஜெர்மனியில செஞ்சு வந்துச்சு. நம்ம 247 எழுத்தை அந்தச் சின்ன மெஷினுக்குள்ள அடக்கணுமே? அதுக்கு நகரா விசைன்னு ஒரு தந்திரம். புள்ளி விசையைத் தட்டினா புள்ளி விழும், ஆனா பேப்பர் நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினா அந்தப் புள்ளிக்குக் கீழேயே எழுத்து வந்து உட்காரும், அப்புறம்தான் நகரும். அதாவது 'ய்' அடிக்க முதல்ல புள்ளி, அப்புறம் ய. பெரியப்பா கம்ப்யூட்டருக்கு மாறினப்ப இதைத்தான் மறக்கக் கஷ்டப்பட்டாராம். மெஷின்ல புள்ளி முன்னாடி, கம்ப்யூட்டர் ஃபான்ட்டுல புள்ளி பின்னாடி. "மூணு மாசம் எல்லாருக்கும் புள்ளி இடம் மாறித்தான் மனு போச்சு"ன்னு சிரிச்சார்.

தமிழ்99 அப்புறம் வந்தது. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடந்துச்சு. அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழக அரசு அதை நிலையான விசைப்பலகையா அறிவிச்சது. உயிரெழுத்து எல்லாம் இடது கை, அடிக்கடி வர்ற மெய் எல்லாம் வலது கை. அதுல இருக்கிற புத்திசாலித்தனம் என்னன்னா, ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். ங-வுக்குப் பின்னாடி க, ந-வுக்குப் பின்னாடி த வந்தாலும் அப்படித்தான். ஃபோனெடிக் முறைக்கு மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கின முரசு அஞ்சல் முன்னோடி. இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிச்சே பழகின நம்ம தலைமுறைக்கு இதுதான் கைவந்த கலை.

இப்ப 'அய்யனார்'னு அடிச்சுப் பாருங்க. தமிழ்99ல அ, ய, ய, ன, ஆ, ர, புள்ளி. ஏழு தட்டு, 'ய்'க்குப் புள்ளி நாம வைக்கவே வேண்டாம். ஃபோனெடிக்ல எட்டு. பெரியப்பாவோட டைப்ரைட்டர் முறையிலயும் எட்டு. ஒரே ஒரு தட்டுக்கா இவ்வளவு சண்டைன்னு கேட்டேன். "நான் எட்டு தட்டுறதுக்குள்ள நீ ஏழை எங்கே இருக்குன்னு தேடிக்கிட்டு இருப்ப"ன்னார் பெரியப்பா. கரெக்ட். விரலுக்குத் தெரிஞ்சதுதான் வேகம். அறுபது வயசுல ஒருத்தரை 'தமிழ்99தான் சார் ஸ்டாண்டர்டு, கத்துக்கோங்க'ன்னு சொல்றது, வலது கையால சாப்பிடுறவரை இடது கையால சாப்பிடச் சொல்ற மாதிரி. நம்ம ஃபோரம் அண்ணன்மார் சில பேர் அதைத்தான் செய்யிறாங்க.

இந்த வார்த்தை ஒரு டாக்டர் மாதிரியும் வேலை செய்யும். தமிழ்99ல அடிச்சு முதல் 'ய'வுக்குப் புள்ளி விழாம நின்னா, நீங்க வெறும் எக்ஸ்கேபி லேஅவுட்டைச் சேர்த்திருக்கீங்கன்னு அர்த்தம். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்துன்னுதான் கொடுக்கும், முன்னாடி என்ன வந்துச்சுன்னு பார்க்கிற புத்தி அதுக்கில்லை. புள்ளியைத் தானா வைக்க ஐபஸ் வேணும். தமிழே வராம இங்கிலீஷாவே நின்னா, மொழி மாறலை, இல்லைன்னா அந்த ஒரு சாஃப்ட்வேர் மட்டும் ஐபஸ்ஸோட பேசலை. வேற ஒரு சாஃப்ட்வேர்ல அடிச்சுப் பார்த்தா எதுன்னு தெரிஞ்சிடும். கட்டம் கட்டமா விழுந்தா அது ஃபான்ட் பிரச்சனை, கீபோர்டை விட்டுடுங்க. லேப்டாப்ல எழுத்துக்கு நடுவுல நம்பர் நம்பரா விழுதா? நம்லாக். அதுக்குப் போய் சர்வீஸ் சென்டர்ல கியூவில நிக்காதீங்க, நான் நின்னிருக்கேன்.

பெரியப்பா கேஸுக்கு மருந்து என்ன? ஐபஸ்ஸுக்குள்ள எம்17என்னு ஒரு தொகுப்பு இருக்கு. இன்ஸ்டால் பண்ணினா தமிழ்99, ஃபோனெடிக், இன்ஸ்கிரிப்ட்டோட டைப்ரைட்டரும் கிடைக்கும். என் செல்போன் நெட்டை மெஷினுக்குக் கொடுத்து இறக்கினேன். இறக்கின பிறகும் லிஸ்ட்ல காணோம். கால் மணி நேரம் தலையைச் சொறிஞ்சேன். லாக் அவுட் பண்ணி லாகின் பண்ணினா வந்துடுச்சு! இதை எந்த ஹெல்ப் பக்கத்துலயும் பெரிய எழுத்துல போட மாட்டாங்க.

பழைய எக்ஸ்கேபி தமிழைத் தூக்கிட்டு, முதல்ல இங்கிலீஷ், ரெண்டாவது டைப்ரைட்டர்னு வெச்சேன். பெரியப்பா அஞ்சு விசையைத் தட்டினார். யளனகப. ஒண்ணுமே சொல்லலை. மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டார்.

மூணாவது பூட்டு

மணி ஏழு. பழைய மனுவைத் திறந்தோம். பாட்டி பேர் இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா ஒரு கந்தரகோலம். நான் மறுபடியும் கீபோர்டு செட்டிங்ஸுக்கு ஓடினேன். அது தப்பு. விசையையே தொடலை, ஃபைலைத் திறந்ததுதான். அப்புறம் எங்கேர்ந்து கீபோர்டு வந்துச்சு?

பெரியப்பா இருபது வருஷமா அடிச்சது பாமினி ஃபான்ட்டுல. அது யூனிகோடு வர்றதுக்கு முந்தின ஏற்பாடு. ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது. இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும், அதுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும் ஃபான்ட். 'தமிழ்'னு அடிச்சா உள்ளே இருக்கிறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அந்த ஃபான்ட் இருந்தா தமிழ், இல்லைன்னா ஜேகேபிஓ. புது மெஷின்ல நான் ஃபான்ட்டை ஏத்தலை. பழைய டிஸ்க்கிலேர்ந்து அந்த ஒரு ஃபைலை எடுத்துப் போட்டதும் மனு முழுசா கண்ணுக்குத் தெரிஞ்சுது. நம்பர், தேதி எல்லாம் பத்திரம்.

ஆனா அதுலயே திருத்தி அடிக்கலாம்னா வராது. பெரியப்பா இப்ப அடிக்கிறது யூனிகோடு, மேல இருக்கிறது பாமினி. ரெண்டையும் ஒரே பக்கத்துல கலந்தா வாக்கியத்துக்கு நடுவுல முகமூடி கழண்டுக்கும். 'கொ'ன்னு எடுத்துக்கிட்டா பாமினியில ஒற்றைக் கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியிற வரிசையில இருக்கும். யூனிகோடுல முதல்ல க, அப்புறம் ஒகரக் குறி. டைப்ரைட்டர் பழக்கத்துல கொம்பை முதல்ல தட்டுற விரலுக்கும், எழுத்தை முதல்ல கேட்கிற யூனிகோடுக்கும் நடுவுல நின்னு இடம் மாத்திக் கொடுக்கிறதும் அந்த இன்புட் மெத்தட்தான். 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல தமிழக அரசு யூனிகோடை அரசாணை போட்டு ஏத்துக்கிட்டது. பெரியப்பா கடைக்கு அந்த ஆணை பதினஞ்சு வருஷம் லேட்டா, என் மூலமா வந்து சேர்ந்திருக்கு.

பாமினியிலேர்ந்து யூனிகோடுக்கு மாத்திக் கொடுக்கிற கன்வர்ட்டர் நிறைய உண்டு. அன்னைக்கு ராத்திரி அதோட மல்லுக்கட்ட நேரமில்லை. "நீ படி, நான் அடிக்கிறேன்"னார். நான் பழைய மனுவைச் செல்போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு வரி வரியா வாசிச்சேன். அவர் புதுசா அடிச்சார். எனக்கு மூச்சு வாங்குச்சு, அவருக்கு வாங்கலை. நடுவுல ஒரு தடவை நிறுத்தி, "'நிறுத்தப்பட்டுள்ளது'ன்னு வேண்டாம், 'காரணம் தெரிவிக்காமல் நிறுத்தப்பட்டுள்ளது'ன்னு போடு. அப்பத்தான் பதில் சொல்லியாகணும்"னார். சாஃப்ட்வேர்ல எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது.

எட்டரைக்கு பிரிண்ட் எடுத்தோம். ரெண்டு காப்பி. பெரியப்பா ஒரு துண்டு பேப்பர்ல பேனாவால 'பாஸ்வேர்டு அடிக்கும் முன் மேலே பார்'னு எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டினார். பாஸ்வேர்டையும் வெறும் எண்களா மாத்திக் கொடுத்தேன். தமிழ் லேஅவுட்டுகள்ல பெரும்பாலும் எண்கள் அப்படியேதான் இருக்கும், அதனால மொழி தப்பா நின்னாலும் கதவு திறக்கும். (தமிழ் எண்கள்னு தனியா ஒரு வகை லிஸ்ட்ல இருக்கு, அதைச் சேர்த்துடாதீங்க, ௧௨௩ விழும்!) கடை மெஷினுக்கு ஓகே, பேங்க் கணக்குக்கு இந்த ஐடியா வேண்டாம்.

பழைய ஃபைல்கள் இன்னும் பாமினியிலதான் இருக்கு. மூவாயிரத்துக்கு மேல. தினமும் பத்துப் பத்தா மாத்தித் தர்றதா ஒத்துக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் நாற்பது முடிஞ்சிருக்கு. திங்கட்கிழமை காலையில பாட்டி பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கடைக்கு வந்து மனுவை வாங்கி, எழுத்துக்கூட்டித் தன் பேரை மட்டும் ஒரு தடவை வாசிச்சுப் பார்த்தாங்களாம். சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்களாம்.